தாந்தாவைப் பார்த்தவர்

எல் சப்போத்தால் ஊரில் எலுதேரியாவின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. அவள் சுட்ட சோள ரொட்டியைத் தின்னாதவர்கள் அதைவிடக் குறைவு. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எல் மிரடோர் என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்க ஐந்து நாள் காட்டுக்குள் நடக்கும் வெளியூர்க்காரர்களுக்குப் பதினாறு வருஷமாகச் சமைத்துப் போட்டாள். எப்போதும் கோவேறு கழுதைகளுக்குப் பின்னால்தான் நடப்பாள். அதனால் முன்னால் போகிற வழிகாட்டி எதையெல்லாம் கவனிக்காமல் போனான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வழிகாட்டிச் சங்கத்தின் தேர்வுக்கு மூன்று தடவை போனாள். பாதையை வரைபடத்தில் விரல் வைத்துச் சரியாகக் காட்டினாள். "வாயைத் திறந்து சொல்லு" என்று தலைவர் ஒனோஃப்ரே கேட்டதும், மூன்று தடவையும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "ஊமை கண்ட கனவு" என்று சொல்லி அவர் அனுப்பிவிட்டார்.

அந்தப் பிப்ரவரியில் போக வேண்டிய வழிகாட்டிக்குக் கடைவாய்ப்பல் வீங்கி முகம் பூசணிக்காயாகிவிட்டது. வேறு ஆள் இல்லை.

"ஒரே தடவை நீ கூட்டிட்டுப் போ," என்றார் ஒனோஃப்ரே. "வந்தவரு கருத்துத் தாள்ல நல்லபடியா எழுதினா வழிகாட்டிங்க பலகையில உன் பேரு. இல்லேன்னா ஆயுசுக்கும் அடுப்புதான்."

வந்தவர் ஒரே ஆள், எவாரிஸ்தோ. மலைப்பக்கத்து நகரம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா. தாந்தாவைப் பார்க்கணும்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாந்தா என்பது ஒரு விலங்கு. பன்றி உடம்பு, கழுதை உயரம், தும்பிக்கையாக வளர நினைத்துப் பாதியில் மனம் மாறிவிட்ட மூக்கு. எல் மிரடோரின் மிகப் பெரிய பிரமிடுக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் சப்போத்தால்காரர்கள் காட்டுக்குள் அந்த விலங்கின் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அதன் காதில் விழுந்து ஓடிவிடுமாம். 'பெரியம்மா' என்பார்கள். ஆகவே காட்டில் தாந்தா என்றால் அது பிரமிடுதான்.

"நிச்சயமா இருக்குமா?" என்று நடந்துகொண்டே கேட்டார் எவாரிஸ்தோ.

"இருக்கும் ஐயா. எங்கயும் போகாது," என்றாள் எலுதேரியா.

"ரெண்டாயிரம் வருஷமா ஒரே இடத்துலதான் உக்காந்திருக்கு," என்றான் கழுதைக்காரன் நிக்கானோர்.

காட்டுக்காரர்கள் அளப்பார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். "ரொம்பப் பெருசோ?"

"மேல ஏற அரை மணி நேரமாகும்," என்றான் நிக்கானோர்.

"அது மேல ஏறுவீங்களா!"

"ஏறாம? வர்றவங்க எல்லாரும் ஏறுவாங்க. மேல உக்காந்து ரொட்டி சாப்பிடுவாங்க."

"பாவம்யா! வலிக்காதா?"

"ரெண்டு நாளைக்குக் கால் வலிக்கும்," என்றாள் எலுதேரியா. வழிகாட்டியாகத் தான் சொன்ன முதல் தகவல் என்று உள்ளுக்குள் பூரித்தாள். அவர் அன்று முழுவதும் இருவரோடும் பேசவில்லை.

முழங்கால் சேற்றில் இரண்டு நாள் நடந்தார்கள். எல்லா விருந்தாளியும் அண்ணாந்து குரங்கு பார்ப்பார்கள். இவர் குனிந்தே நடந்தார். சாணியைக் கண்டால் நின்றார். எதையோ தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்த எலுதேரியா, கேட்க வெட்கப்பட்டு, தானும் கொஞ்சம் தேடிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் படிகளில் அவரை உச்சிக்கு ஏற்றினார்கள். நாலு பக்கமும் அடிவானம் வரை காடு. மூச்சு வாங்க அவர் சுற்றிலும் பார்த்தார்.

"எங்கம்மா தாந்தா?"

"இதான் ஐயா."

"எது?"

"நீங்க நிக்கிறது."

எவாரிஸ்தோ ஒரு காலைத் தூக்கி அடியில் பார்த்தார். பிறகு இன்னொரு காலையும் தூக்கிப் பார்த்தார்.

"அதோட மூக்கு எங்க?"

நிக்கானோர் நிஜமாகவே பிரமிடுக்கு மூக்கு தேடினான்.

அவர் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். மிருகக்காட்சிசாலையில் இருபத்தெட்டு வருஷம் ஒரு தாந்தாவின் கூண்டைக் கழுவியதை அப்போதுதான் சொன்னார். "சிமெண்டுத் தரையைத் தவிர எதையும் மிதிக்காமலே செத்துப்போச்சும்மா. மண்ணுல நிக்கிற ஒண்ணைப் பார்க்கணும்னு வந்தேன். நீங்க மலையில ஏத்திவிட்டுட்டீங்க. தாள்ல என்னத்த எழுத?"

இனி எலுதேரியாவுக்கு ஆயுசுக்கும் அடுப்பு. சட்டென்று அவர் நின்று பார்த்த சாணியெல்லாம் நினைவுக்கு வந்தது.

"நிக்கானோர், ஐயா பெரியம்மாவைத்தான் கேட்கிறார்!"

"எனக்கு யாரோட பெரியம்மாவும் வேண்டாம்!" என்று எவாரிஸ்தோ கத்தினார்.

அவர்கள் தங்கும் கூடாரத்துக்குப் பின்னால், பள்ளத்தில் ஒரு குட்டை உண்டு. பதினாறு வருஷமாக அங்கே விடியலில் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அவள் பெரியம்மாவைப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போன சமையல்காரியிடம் என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாள் இருள் பிரியும் முன் அவரைக் கூட்டிப்போய்ப் புதருக்குப் பின்னால் உட்காரவைத்தாள். கொசு பிய்த்துத் தின்றது. வெளிச்சம் வந்தது. கூடவே பெரியம்மாவும் வந்தாள். முன்னங்காலைச் சேற்றில் பொதபொதவென்று வைத்து இறங்கி, மூக்கை உயர்த்தி மோந்து, தண்ணீரில் நின்று நிதானமாகச் சாணம் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள். எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பேருந்தேறினார். மாலையில் சங்கத்தின் முன் ஒனோஃப்ரே அதை உரக்கப் படித்தார்.

"'தாந்தாவைப் பார்த்தீர்களா?' பார்த்தேன். 'எப்படி இருந்தது?' விடியலில் வந்தது. என்னைப் பார்த்தது. தண்ணீரில் சாணம் போட்டது. காட்டுக்குள் போய்விட்டது."



"போயிடுச்சா?" என்றார் பொருளாளர். "எழுபது மீட்டர் கோபுரம், எங்கய்யா போச்சு?"

"யாரையாவது அனுப்பி இருக்கான்னு பார்க்கச் சொல்லலாம்," என்றார் இன்னொருவர். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

ஒனோஃப்ரே எலுதேரியாவின் பக்கம் திரும்பினார். "அந்த மனுஷனுக்கு என்னடி சமைச்சுப் போட்டே? காளானா? வாயைத் திற."

நாக்கு மேலண்ணத்துக்குப் போனது. ரொட்டிக்கல்லில் போட்ட மாதிரி காது சுட்டது. சமையலைக் குறை சொல்லி அவளை இதுவரை ஒருவரும் பேசியதில்லை.

"காளான் இல்ல," என்றாள். "அவரு கேட்டது விலங்கு. நான் பிரமிடும் காட்டினேன், விலங்கும் காட்டினேன். ஆனா தாள்ல ஒரு தாந்தாவுக்குத்தான் இடம் இருந்துச்சு. தப்பு தாள்ல."

அந்தத் தாளின் கேள்விகளை எழுதியவர் ஒனோஃப்ரே. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூக்கைச் சொறிந்தார். பிறகு பெயின்ட் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லித் தானே பலகையில் எழுதினார்: 'எலுதேரியா, தாந்தா விலங்கு காட்டுபவர்.'

அவர் முறுக்கை இன்னும் முழுசாக விடவில்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது. எலுதேரியா நகராமல் நின்றாள்.

"இன்னும் என்ன?" என்றார் அவர்.

"பிரமிடையும் சேர்த்து எழுதுங்க. இடம் இருக்கு."

அவர் எழுதினார்.