நடக்காத கூட்டத்தில் வந்த டீ

பெயிண்ட் கம்பெனியில் அவள் பதினெட்டு வருஷமாக டைப்பிஸ்ட். இயக்குநர்கள் கூட்டத்தில் என்ன முடிவானது என்று எழுதிவைப்பதும் அவள் வேலைதான். கடைசி நான்கு வருஷமாகக் கூட்டம் என்று ஒன்று கூடவே இல்லை. முதலாளி வாயால் சொல்வார். கூடியதாக அவள் எழுதுவாள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முகம் சுளிக்காமல் மூன்று மாதம் லீவு கொடுத்தவர். அவர் சொல்லைத் தட்ட மனசு வரவில்லை.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் கம்பெனி நிலத்தை முதலாளியின் மச்சானுக்கு விற்க முடிவானதாம். பங்குதாரர்கள் புகார் செய்ய, அரசாங்கம் ஒரு பெண் அதிகாரியை விசாரணைக்கு அனுப்பியது. எந்த அலமாரியையும் திறக்கச் சொல்லலாம், முதலாளி முதல் வாட்ச்மேன் வரை யாரையும் சத்தியம் வாங்கிக் கேள்வி கேட்கலாம் என்று அந்த அம்மாளின் உத்தரவில் இருந்தது.

"அந்தக் கூட்டத்துல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் மேடம். மாடி ரூம்ல. எல்லாருக்கும் டீ கூட வந்துச்சு." கேட்காததையும் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அவள் ஓரமாகக் காத்திருக்கையில், ஆபீசில் எல்லாருக்கும் டீ கொண்டுவந்து கொடுக்கும் டீ அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

"மாடி ரூமா? அந்த மாசம் பூரா பூட்டித்தானே கெடந்துச்சு? மழையில ஒழுகி, நாற்காலியெல்லாம் நான்தான் வெளிய தூக்கிப் போட்டேன்."

"டீ வந்துச்சுன்னு இவங்க சொல்றாங்களே?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "தங்கச்சி சொல்லுச்சா? அப்ப எனக்குத்தான் ஞாபகம் தப்பிப்போச்சு. அது பொய் சொல்ற பொண்ணு இல்லம்மா."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை அவரே அவள் மேஜைக்கு வந்தார். "மனசுல வெச்சுக்காத தங்கச்சி. தெரியாம உன்னை மாட்டிவிடப் பாத்துட்டேன்."

அவள் டைப் செய்வதை நிறுத்தினாள். எழுந்து நேராக அதிகாரியிடம் போனாள்.

"நேத்து சொன்னது பொய் மேடம். நாலு வருஷமா எழுதினது எல்லாமே பொய்."

"ஏன் இப்ப வந்து சொல்றீங்க?"

"டீ அண்ணன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு."

நிலம் கம்பெனிக்கே திரும்பியது. முதலாளி கோர்ட்டுக்கு அலைகிறார். அவளை எச்சரித்து விட்டுவிட்டார்கள். வேலை மட்டும் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். "சரிங்க, போயிட்டு வாங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். தெருமுனை வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அவர் தங்கச்சி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.