பிடிக்கவில்லை என்று சொன்ன நாவல்

நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு அவர் எனக்குக் கொடுத்த முதல் பொருள் ஒரு தடித்த நாவல். அவர் பெருமாநல்லூரில் ஓர் எம்பிராய்டரி யூனிட்டில் சூப்பர்வைசர். நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் பழுது தேடும் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு குடும்பமும் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவைதான். ஆனால் அவர் இங்கேயே பிறந்து வளர்ந்ததால் பேச்செல்லாம் கொங்குப் பேச்சு.

“படிச்சுப் பாருங்க. எடுத்தா கீழ வைக்க மாட்டீங்க. நானே எத்தனையோ தடவ படிச்சுட்டேனுங்க” என்றார்.

கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். கடலுக்கு நடுவே பனி மூடிய ஒரு தீவு. போனவர்கள் யாரும் திரும்புவதில்லை. காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு பெண் அங்கே போகிறாள். ஆரம்பம் நன்றாகவே இருந்தது. பல்லடம் ரோட்டு இரைச்சல்கூடக் காதில் விழவில்லை. போகப் போக, நிழல் இல்லாத மனிதன் வந்தான், பேசுகிற கிணறு வந்தது, திறக்காத கதவுகள் வந்துகொண்டே இருந்தன. எதற்கும் காரணம் கிடையாது. கரையில் விளக்கேற்றிக் காத்திருந்த அவளுடைய அம்மாவை நாவலாசிரியர் பாதியிலேயே மறந்துவிட்டார். கடைசியில் அந்தப் பெண் பனிக்குள் நடந்துபோனாள், அவ்வளவுதான். கடைசித் தாள் ஏதும் கிழிந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவருக்கு உயிரான புத்தகம் எனக்குச் சப்பென்றிருக்கிறது. இதை எப்படிச் சொல்வது? அக்காவுக்குப் போன் செய்தேன்.

“பிடிச்சிருக்குன்னு சொல்லிருடி. புஸ்தகந்தானே, என்ன நட்டமாயிரப் போவுது?” என்றாள்.

கடையில் அத்தான் எடுத்துக் காட்டிய சேலையின் நிறம் பிடிக்கவில்லை என்று அவள் ஒருமுறை சொல்லப்போக, அவர் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாமே பிடித்திருக்கிறது. போனை வைத்ததும் அதுதான் மனதில் ஓடியது. இன்றைக்குப் பொய் சொன்னால் காலம் முழுக்கச் சொல்லவேண்டி வருமோ என்று பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் சந்தித்தோம். டீ வருவதற்கு முன்பே கேட்டுவிட்டார். “முடிச்சுட்டீங்களா? எப்படிங்க இருந்துச்சு?”

“எனக்குப் பிடிக்கலைங்க.”

அவர் முகம் வாடியதைப் பார்த்தேன்.

“எதுங்க பிடிக்கல?”

“கடைசி வரைக்கும் எதையும் சொல்லவே இல்லையே. அந்த அம்மா என்ன ஆனாங்க?”

“அம்மாவா?” சற்று யோசித்தார். “அட, ஆமாங்க, ஒரு அம்மா வருவாங்கல்ல. எனக்கு அந்தப் பனி போதுமுங்க. படிக்கறப்ப நானே உள்ள நடக்கற மாதிரி இருக்கும்.”

“பனியைப் பாக்கவா அத்தனை பக்கம்?”

சிரித்துவிட்டார். பிறகும் விடவில்லை, அந்தக் கிணறு ஏன் பேசுகிறது என்று தேங்காய் பன்னைப் பிய்த்தபடி நெடுநேரம் விளக்கினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் இறங்கி வரவில்லை. எழும்போது, “போங்க, உங்களுக்கு ரசனை பத்தாதுங்க” என்றார் சிரித்துக்கொண்டே.

ஆனாலும் எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. அத்தானும் கடையில் சிரித்தவர்தான்; வீட்டுக்கு வந்த பிறகுதான் பேச்சை நிறுத்தினார்.

மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான நேரத்துக்கு அடித்தது.

“சாப்பிட்டீங்களா?” என்றார். அன்றைக்கு ஒரு மிஷின் ஊசிகளாக உடைத்துத் தள்ளிய கதையைச் சொன்னார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. பாதிக் கதையில், “எனக்குத் தலை வலிக்குதுங்க, நாளைக்குப் பேசுவோமா?” என்றேன்.

“சரிங்க, தைலம் தேச்சுட்டுப் படுங்க” என்று வைத்துவிட்டார்.

பொய் இல்லை, உண்மையிலேயே தலை வலித்தது. பாயை விரித்து அப்படியே படுத்துத் தூங்கிவிட்டேன்.