டெட்ராய்ட்டில் ஓடிய தறி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இரண்டு விசைத்தறியில் தொடங்கி, இன்று ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் நாற்பது தறி ஓட்டுகிறேன். போன வருஷம் மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது, எங்களைப் போன்ற பெற்றோர் இருபது பேரை டெட்ராய்ட் நகரம் சுற்றிக்காட்ட பேருந்தில் அழைத்துப்போனார்கள். அங்கே ஒரு பழைய தொழிற்சாலையைக் காட்சிக்கூடமாக்கி இருந்தார்கள். வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் பழைய விசைத்தறி ஒன்றை ஓட்டிக் காட்டினார்.

“இத பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?” என்று மனைவியிடம் சிரித்தேன்.

அப்போது ஓர் இழை அறுந்தது. எங்கள் பக்கம் தறியை நிறுத்தாமலே முடிச்சுப் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம். அதைக் கூட்டத்துக்குக் காட்ட, தடுப்புக் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டினேன்.

“வாணாங்க!” என்று மனைவி கத்தினாள். பெரியவர் தறியை நிறுத்தி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. தன் இன்னொரு கையை விரித்துக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை.

எங்கள் தறிக்காரன் மணிக்கும் விரல் நுனி போயிருந்தது. “கவனமில்லாதவன்” என்று அன்று ஏசியவன் நான். நிறுத்தாமல் முடிச்சுப் போடப் பழக்கியவனும் நான்தான்.

ஊர் திரும்பிய அன்றே அவனிடம், “இனிமே நூல் அறுந்தா தறிய நிறுத்திட்டுப் போடுடா” என்றேன்.

“மொதலாளி, அமெரிக்காவுல இன்னா துன்னீங்க?”

“அன்னிக்கு தப்பு என்னுதுடா.”

அவன் தறியை நிறுத்தினான்.

நாற்பது தறி என்று இப்போதும் பெருமையடிக்கிறேன். மணி பக்கத்தில் இருந்தால் மட்டும் வாய் வருவதில்லை.