கல்லில் இல்லாத பெயர்

டீச்சர் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த புகைப்படத்தில் ஒரு கிணற்றுச் சுவரும் அதில் பதித்த கருங்கல்லும் மட்டுமே இருந்தன. கல்லில் அவருடைய அப்பாவின் பெயர், ஊருக்காக வெட்டிய கிணறு என்று ஒரு வரி, அதற்குக் கீழே வெற்றிடம். இது நடந்தது இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்களில் ஒன்றில். திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் இருந்த ஒரு டி.டி.பி. கடையில் கம்ப்யூட்டரில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதிப் பெயர்ப்பலகை, கல்யாணப் பத்திரிகை, பௌர்ணமிக்கு வைக்கும் வரவேற்புத் தட்டி என்று நாள் ஓடும். கல்லில் செதுக்கியது போன்ற எழுத்து வேண்டுமென்று அப்போது எல்லோருமே கேட்டார்கள். அதில் எனக்குக் கை தேர்ந்திருந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான், எனக்கு முன்பின் தெரியாத அந்தப் பள்ளிக்கூட டீச்சர் அடி அண்ணாமலைக்கு அப்பாலுள்ள கிராமத்திலிருந்து வந்திருந்தார்.

“அப்பா மிலிட்டரில இருந்தாரும்மா. ஆளுங்களைக் கூட்டிக்கினு வெயில்ல நின்னு கெணறு வெட்டினது எங்கம்மா. கல்லுல அவங்க பேரு இல்ல. கீழ எடம் இருக்குது பாரு, அங்க போட்டுக் குடு. வீட்ல மாட்டிவெச்சி நான் பாத்துக்கறதுக்குத்தான்” என்றார்.

படத்தை ஸ்கேன் செய்து, அம்மாவின் பெயரை அடித்து, எழுத்துக்குள்ளே அதே கல்லின் சொரசொரப்பை நிரப்பினேன். எப்போதும் செய்வதுபோல இடப்பக்க விளிம்பில் நிழலும் எதிர் விளிம்பில் மெல்லிய வெளிச்சமும் வைத்தேன். என் கண்ணுக்கு எழுத்து கல்லுக்குள் அழகாக இறங்கியிருந்தது. டீச்சரோ, “புடைச்சிக்கினு இல்ல நிக்குது?” என்றார். மறுபடி பார்த்தேன், எனக்கும் புடைத்துத் தெரிந்தது. கண்ணைச் சிமிட்டினால் பள்ளம், இன்னொரு முறை சிமிட்டினால் மேடு. தலை சுற்றியது. வெகுநேரம் கழித்துத்தான் அப்பாவின் எழுத்துகளைக் கவனித்தேன். படம் சாயங்கால வெயிலில் எடுத்தது. அவற்றில் நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது. வெளிச்சத்தின் திசையை மாற்றியதும் அம்மாவின் பெயர் பள்ளத்தில் நிலைத்தது.

“நேத்து வெட்டினாப்பல இருக்குது” என்றார் டீச்சர். விளிம்புகளைத் தேய்த்தேன். ஒரு எழுத்தின் காலைச் சற்று உடைத்தேன். சுண்ணாம்புக் கறையைப் பக்கத்திலிருந்து எடுத்துப் பூசினேன். முடித்தபோது, எது பழையது, எது என்னுடையது என்று விஷயம் தெரியாத யாரும் சொல்லிவிட முடியாதபடி இருந்தது. டீச்சர் அச்செடுத்த படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கடையில் ஆட்கள் இருப்பதையும் பொருட்படுத்தாமல் அழுதார்.

சில மாதங்கள் கழித்து அவருடைய அண்ணன் அதே படத்தோடு கடைக்கு வந்தார். கிணற்றுச் சுவரைச் சிமெண்ட் பூசிப் புதுப்பிக்கும் வேலை பாதியில் இருக்க, அதைப் பற்றி ஊரில் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். கல்லின் கீழ்ப்பாதியை ஏற்கெனவே பூச்சு மூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் டீச்சர் படத்தைக் காட்டி, அம்மா பெயர் மறைந்துவிட்டது என்றாராம். இரண்டு பெரியவர்கள் உடனே, ஆமாம், நாங்களே படித்திருக்கிறோம் என்றார்களாம்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். ஆனால் அவர் குரல் தாழ்ந்திருந்தது. “எனக்கும் அந்தப் பேரைப் பாத்தாப்பலதான் இருக்குதும்மா. சின்ன வயசுல வெரலால தடவியிருக்கேன்னு தோணுது. அது நெஜமா, இந்தப் படத்தைப் பாத்ததால தோணுதான்னு புரியல. நீ செஞ்சதா, இல்ல கல்லுலயே இருந்துச்சா?”

டீச்சரின் முகம் நினைவுக்கு வந்தது. கல்லிலேயே இருந்தது என்றால் அது பொய். நான் செய்தது என்றால் ஊருக்கு முன்னால் அவர் பொய்க்காரி ஆகிவிடுவார். கடைசியில், “நான்தான் சார் செஞ்சேன்” என்றேன். அவர் நாற்காலியில் அமர்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் தங்கச்சி பொய் சொல்லமாட்டா. வேற வழி தெரியாம சொல்லியிருப்பா” என்றார். “இத்தினி வருஷம் அம்மா பேரும் வேணும்னு எங்க யாருக்கும் தோணலையே.” படத்தைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரிடம் உண்மையைச் சொன்னது சரியா என்று அன்றைக்கும் விளங்கவில்லை, பிறகும் விளங்கவில்லை. டீச்சர் அதன்பின் கடைப்பக்கம் வரவில்லை. கோபம் என்றே நினைத்துக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து, ஒரு திருமணத்துக்குப் போன இடத்தில் அந்தக் கிணற்றைப் பார்க்க நேர்ந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்திருந்தார்கள். கல்லில் அப்பாவின் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயர் இருந்தது. தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த அம்மாளிடம், இது எப்போது செதுக்கியது என்று கேட்டேன்.

“எப்பவுமே இருக்கறதுதாம்மா. நடுவுல சிமெண்ட் மூடிக்கிச்சு, அவங்க புள்ளைங்க ரெண்டு பேருமா வந்து நின்னு எடுத்துவுட்டாங்க” என்றார்.

அண்ணன் ஆள் வைத்துச் செதுக்கினாரா, நான் வெற்றிடம் என்று பார்த்த இடத்தில் தேய்ந்துபோன எழுத்துகள் முன்பே இருந்தனவா, கேட்டுத் தெளிய டீச்சரும் அண்ணனும் இன்று உயிரோடு இல்லை. குனிந்து முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தேன். விரல் உள்ளே இறங்கியது.