சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை

தி. நகரில் ஜாக்கெட் தைக்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் நாங்கள் ராணுவத்துக்குக் கருவி செய்துகொண்டிருந்தோம். இதை வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதுவும் வசதிதான், ரகசியம் காக்கிற வேலை மிச்சம். கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் முதலாளி. அசோக் நகரிலிருந்து வருகிற ஓர் அம்மணி மென்பொருள் எழுதுகிறவர். மூன்றாவது ஆள் நான். கணக்கு, கொள்முதல், காப்பிப்பொடி வாங்குவது, இவற்றோடு ‘மனிதன்’ என்ற பதவியும் எனக்கு உண்டு.

அந்தப் பதவி என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கருவி டிபன் பாக்ஸ் அளவுதான். சுவரில் ஒட்டிப் பிடித்தால் ரேடியோ அலையைச் சுவர் தாண்டி அனுப்பும். அந்தப் பக்கம் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குமே, அந்தச் சின்ன அசைவைப் பிடித்துத் திரையில் பச்சைப் புள்ளியாகக் காட்டும். ஒரு வீட்டுக்குள் நுழையும் முன் உள்ளே ஆள் உண்டா, எங்கே என்று சிப்பாய்க்குத் தெரியவேண்டும். சோதித்துப் பார்க்க, சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு விட ஓர் ஆள் வேண்டும் அல்லவா? உள்ளறையில் என் மேஜை இருந்தது. நான் எப்படியும் மூச்சு விடுகிறவன். சம்பளம் தனியாகக் கிடையாது.

ஒரு சங்கடம் இருந்தது. கருவிக்கு ஃபேனும் மனிதன், காற்றில் ஆடும் காலண்டரும் மனிதன், கீழே தண்ணீர் மோட்டார் போட்டால் அதுவும் மனிதன். ஆகவே காலி அறை எப்படி இருக்கும் என்று அதற்குக் கற்றுக்கொடுக்க அம்மணி பல மாதங்களாகப் பதிவுகள் எடுத்து, புது மென்பொருள் எழுதினார். திங்கட்கிழமை அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. தேறாவிட்டால் கம்பெனி இல்லை. நண்பன் வேளச்சேரி வீட்டை அடமானம் வைத்துத்தான் இதை நடத்திக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் புது மென்பொருளை ஏற்றினார்கள். நான் என் நாற்காலியில் இருந்தேன்.

“மச்சி, போய் உட்காருடா,” என்று சுவருக்கு அப்பாலிருந்து நண்பன் கூப்பிட்டான்.

“உட்கார்ந்துதான்டா இருக்கேன்.”

“விளையாடாதே. காலியா இருக்குன்னு காட்டுது.”

“காலியாவா? நான் பேசிட்டு இருக்கேனே.”

“சரி, கையை ஆட்டு.”

ஆட்டினேன்.

“ஆ, வந்துட்டே. நிறுத்து.” நிறுத்தினேன். “போயிட்டே,” என்றான். அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கிற தொனி அது.

நண்பன் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். பச்சைப் புள்ளி. அம்மணி உட்கார்ந்தார். பச்சைப் புள்ளி. கீழே கடையிலிருந்து தையல்காரரைக் கூட்டிவந்து உட்காரவைத்தோம். அவர் உட்காருவதற்குள் புள்ளி வந்துவிட்டது. மறுபடி நான் உட்கார்ந்தேன். திரை கறுப்பு.

தையல்காரர் எட்டிப் பார்த்தார். என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, உனக்கு மூச்சு கீதா இல்லியா?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, கண்ணாடியில் ஊதிப் பார்த்தேன். ஆவி படிந்தது. அந்த அளவுக்குத் திருப்தி. ஆனால் ஆவி மறைந்ததும் மறுபடி ஊதினேன், அப்புறம் இன்னொரு தடவை. ஐம்பது வயது தாண்டிய மனிதன், பி.காம்., தான் இருக்கிறோமா என்று கண்ணாடியிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு ஃபோன் போட்டேன். “நான் இருக்கேன்ல?” என்று மனைவியைக் கேட்டேன்.

“இருந்தா வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க,” என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வழியில் ஒரு லேபில் நுழைந்து ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டேன். எடுத்த பெண் “நார்மல் சார்” என்றாள். நார்மலான பிணமா என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். தைரியம் வந்து வெளியே நடந்தால், பெரிய துணிக்கடையின் தானியங்கிக் கண்ணாடிக் கதவு எனக்குத் திறக்கவில்லை. முன்னே போனேன், பின்னே வந்தேன். பின்னால் வந்த ஒரு குடும்பத்துக்குத் திறந்தது. அவர்களோடு ஒட்டிக்கொண்டு நுழைந்தேன். உள்ளே வாங்குவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. குளிரூட்டிய காற்றில் நின்றபடி, இந்த இடத்தில் என்னை யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. தி. நகரில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று தெரிந்தும் முதுகு சில்லிட்டது. கொத்தமல்லி வாங்க மறந்தேன்.

மறுநாள் நண்பன் ஒரு யோசனையோடு வந்தான். “திங்கட்கிழமை நீ லீவு போட்டுடு மச்சி. தையல்காரரை உட்காரவச்சிடலாம். உன் ஒருத்தனைத் தவிர எல்லாரும் நல்லாத் தெரியறாங்க.”

எனக்குச் சம்மதம்தான். அம்மணி ஒத்துக்கொள்ளவில்லை.

“இவரை மாதிரி மூச்சு விடறவங்க வேற யாரு யாருன்னு தெரியுமா சார்? காலின்னு நம்பி ஒரு பையன் கதவைத் திறந்துட்டு உள்ளே போவான். அவனுக்கு யாரு பதில் சொல்றது?”

நண்பன் நகத்தைக் கடித்தான். பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கப் புதிதாக ஒரு காலி அறைப் பதிவு எடுப்பதாக அம்மணி சொன்னார். நான் என் இடத்துக்குப் போய் பில்களைப் பார்க்க ஆரம்பித்தேன். வழக்கம்போல வெளியறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

“சார், உள்ளே யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்லம்மா,” என்றேன் நான், வழக்கம்போல.

பதிவு தொடங்கும் பீப் சத்தம் வரவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மணி மெதுவாக வாசற்படிக்கு வந்து நின்று என்னையே பார்த்தார். அத்தனை மாதத்தில் அவர் என்னை முழுசாகப் பார்த்தது அன்றுதான் என்று தோன்றியது.

“நீங்க இருக்கீங்களே சார்.”

“நான் மட்டும்தானேம்மா.”

இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. ஒவ்வொரு பதிவின்போதும் அவர் கேட்டிருக்கிறார், நான் உள்ளே உட்கார்ந்தபடியே யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவரும் நம்பியிருக்கிறார், நானும் நம்பியிருக்கிறேன். ஃபேன், காலண்டர், மோட்டார், நான் எல்லாம் சேர்ந்ததுதான் காலி அறை என்று கருவி ஒழுங்காகப் படித்திருக்கிறது. இதில் அதன்மேல் குற்றம் சொல்ல இடமே இல்லை.

நான் சிரித்தேன். நண்பன் சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்து, கருவி இன்னும் தயாராகவில்லை, எங்கள் பதிவுகளில் பிழை இருக்கிறது என்று அதிகாரிகளிடம் இங்கிலீஷில் சொன்னான். வேறு தேதி தருவதாகச் சொன்னார்கள். தருவதற்குள் சில வாரங்கள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரங்களில் பதிவு நேரம் வந்தால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். பனகல் பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நான் இல்லாத அறையைச் சுவர் வழியே ஒரு கருவி உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தால், பட்டப்பகலில், வேர்க்கடலைக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே எனக்குக் கால் கூசும்.

புது மென்பொருள் தயாரானது. நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனே அந்தப் பக்கம் நண்பன் கத்தினான்.

“தெரியறேடா மச்சி. சூப்பராத் தெரியறே.”

அம்மணி சிரிப்பது கேட்டது. எனக்கும் நிம்மதிதான், சும்மா சொல்லக் கூடாது. எழுந்து ஓசைப்படாமல் செருப்பைக் கழற்றினேன், ஒரு விளையாட்டுக்கு.

“ஜன்னல் பக்கம் போறே,” என்றான்.

நின்றேன். பீரோவுக்குப் பின்னால் ஒண்டினேன்.

“பீரோ.”

மேஜைக்குக் கீழே குனிந்து நுழைந்து முழங்காலைக் கட்டிக்கொண்டேன். வாயைப் பொத்தி மூச்சை அடக்கினேன். சுவருக்கு அப்பால் அமைதி. அவர்கள் காத்திருந்தார்கள். தரையில் தூசி, என் கண்ணுக்கு நேரே ஒரு பேனா மூடி. காது அடைத்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. விடக்கூடாது, விடக்கூடாது என்று யாரோ எனக்குள் கெஞ்சுவது கேட்டது. எதற்காகக் கெஞ்சுகிறான் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் மூச்சு தானாக வெளியே வந்துவிட்டது.

நண்பன் இந்தத் தடவை என்னிடம் பேசவில்லை. அதிகாரிகள் முன்னால் சொல்வதற்குப் பழகிக்கொள்பவனைப்போல, நிதானமாக, அம்மணியிடம் சொன்னான்.

“மேஜைக்குக் கீழே. ஒரு ஆள்.”