மொட்டை மாடிக்கு நான் போடாத கையெழுத்து

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் என்னை எழுத விட வேண்டாம் என்று உறவில் சிலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அக்காவின் கணவர், எங்கள் மாமாதான், "அவனே எழுதட்டும், எல்லாத்தையும் எழுதட்டும்" என்றார். எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஹனூரில், விவசாயக் குடும்பத்தில். செவிலியர் படிப்பு முடித்து மைசூருக்கு வேலைக்கு வந்தார். அவர் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அப்பா நிலத்தை விற்று மைசூர் விஜயநகரில் கட்டிய வீட்டை எங்கள் இருவர் பெயரிலும் எழுதி வைத்தார். அக்காவும் மாமாவும் அதில் குடியிருந்தார்கள். நான் சாமராஜநகரில் வேலையில் இருந்தேன்.

அக்கா ஓய்வு பெற்ற பிறகு மாமாவுக்கு நுரையீரல் கெட்டது. வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இரவும் பகலும் ஓட வேண்டி வந்தது. கரண்ட் பில் ஓய்வூதியத்தைத் தின்றது. மாடியில் சோலார் போடுவதென்று அக்கா முடிவெடுத்தார். எதிலும் அவசரப்படாதவர், எல்லா வழியையும் விசாரித்தார். தனியார் நிதி நிறுவனம் கேள்வி கேட்காமல் கொடுக்கும், வட்டியில் கழுத்தை அறுக்கும். முன்பணமே வேண்டாம் என்ற ஒரு கம்பெனி, மாடியைப் பல வருடங்களுக்குத் தனக்கு எழுதித் தரச் சொன்னது. வங்கிக் கடனில்தான் வட்டி குறைவு. அரசு மானியமும் பின்னால் கணக்குக்கு வந்துவிடும். ஆனால் வீடு இருவர் பெயரில் இருந்ததால் வங்கி என் சம்மதக் கையெழுத்தையும் கேட்டது.

நான் போடவில்லை. அந்த மாடியில் இன்னொரு தளம் எழுப்பி வாடகைக்கு விடும் ஆசை எனக்கு. "உன் புருஷன் மூச்சுக்கு என்ர மாடிதான் கெடச்சுதா?" என்று போனில் கத்தினேன். அக்கா போனை வைத்தார். தன் வளையல்களை அடகு வைத்துச் சோலாரை மாட்டிவிட்டார்.

கேள்விப்பட்டதும் பஸ் ஏறி வந்தேன். குடித்திருக்கவில்லை, அந்தச் சாக்குக்கூட எனக்கில்லை. கடப்பாரையோடு மாடியேறி முதல் சோலார் பலகையை அடித்தேன். கண்ணாடி நொறுங்கித் தெறித்தது. இரண்டாவதையும் அடித்தேன். அக்கா ஓடி வந்தார்.

"டேய், வெயில்ல அதுல கரண்டு ஓடுது! தொட்டீன்னா செத்துப்போவ, தள்ளி வாடா!"

அவருடைய பயம் பலகையைப் பற்றியல்ல, என்னைப் பற்றி. அது புரிந்தும் ஓங்கினேன். தடுக்க நீட்டிய வலது கையில் கடப்பாரை இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகும் இன்னொரு பலகையை உடைத்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இருவரும் வந்து என்னைப் படியில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். "அக்கன மேலே கை மாட்தீயா?" என்று கன்னடத்தில், அக்கா மேலேயா கை வைக்கிறாய் எனக் கேட்டுக் கேட்டு அடித்தார் மூத்தவர். எனக்கு இரண்டு பல் போயிற்று. மருத்துவமனையில் அக்கா, தான் மாடிப்படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

கட்டுப் பிரிக்கும் முன்பே சாமராஜநகருக்கு வந்து என் வாசலில் நின்றார். இடது கையால் வங்கிப் படிவத்தை நீட்டினார்.

"கையெழுத்துப் போடறயா, இல்ல இந்தக் கையையும் ஒடச்சுப்போட்டு அனுப்பறயா? அவருக்கு மிசினு ஓடோணும்."

போட்டேன். மாடியில் புதுப் பலகைகள் ஏறின. அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் அதன் பிறகு மடங்கவே இல்லை. நான் வீட்டுக்குப் போனால் பேசினார், சோறு போட்டார். மன்னித்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை. சென்ற ஆண்டு மாரடைப்பில் போய்விட்டார். மாமாவின் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்காவின் இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், அவரோடு பணியாற்றிய செவிலியர்களுக்கும், கடனை அலைக்கழிக்காமல் கொடுத்த வங்கி அலுவலருக்கும் நன்றி. எல்லாருக்கும் மேலாக, அன்று என்னை அடித்த பக்கத்து வீட்டுச் சகோதரர்களுக்கு நன்றி. அவர்கள் ஐந்து நிமிடம் முன்னால் வந்திருந்தால், மூச்சு வாங்க வாங்க மாமா தினமும் அக்காவுக்குத் தலை பின்னிவிட வேண்டி வந்திருக்காது.