ஐஸ் அறையில் இருபது நிமிடம்

அந்த முக்குளிப்பு உடையின் ஜிப் முதுகில் இருந்தது. நுனியில் தொங்கும் நீளமான நாடாவைப் பிடித்து யாராவது மேலே இழுத்துவிட வேண்டும். கடைக் கண்ணாடியின் முன்னால் எனக்கு முதுகைக் காட்டி நின்று, மூச்சை இழுத்து வயிற்றை ஒடுக்கிக்கொண்டு, "மாப்ள, ஜிப்ப இழு" என்றார் மாமா. என் அக்காவின் கணவர். நான் இழுத்தேன். ஏழு மில்லிமீட்டர் ரப்பருக்குள் முழுதாக அடங்கியதும் கண்ணாடியைப் பார்த்து, "அலமாக், பெங்குவின் மாதிரி இருக்கேன் லா" என்று குலுங்கிச் சிரித்தார். "சிரிக்காதீங்க மாமா, தையல் விட்டுரும்" என்றேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மெர்சிங் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு முக்குளிப்புக் கடையில் அப்போது நான் வேலை பார்த்தேன். தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு மெல்லிய உடைகள் விற்போம். எங்கள் கடலில் குளிருக்காக யாரும் உடை போடுவதில்லை. ஜெல்லி மீனுக்கும் வெயிலுக்கும் பயந்துதான் போடுவார்கள். எனக்குத் தெரிந்த குளிரெல்லாம் கேமரன் மலையில் ஸ்வெட்டர் போட்டு தேநீர் குடித்த குளிர். ஆனால் வாய் மட்டும் எல்லாம் தெரிந்த வாய். மாமா பாசிர் கூடாங் துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் முக்குளிப்பாளர். ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு மீன் பண்ணையில், நீருக்கடியில் வலை தைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. உடையை அவரவர்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கூலாய் வீட்டிலிருந்து போன் செய்தாள். "தம்பி, நீயே பாத்து நல்லதா எடுத்துக் குடு. அவரு எதக் குடுத்தாலும் சரின்னுதான் சொல்வாரு." பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

இரண்டு வகை இருந்தன. ஒன்று, தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே விட்டு உடம்புச் சூட்டிலேயே அதை வெதுவெதுப்பாக்கும் தடித்த ரப்பர் உடை; மாமாவுக்குப் பழகிய வகை. மற்றது, சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாத உலர் உடை. அதற்குள் கம்பளி போட்டுக்கொள்ளலாம், ஆனால் கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுகப் பிடிக்கும். முதலாளி சிங்கப்பூரிலிருந்து ஒன்றை வரவழைத்துத் தந்தார். மெர்சிங்கின் மத்தியான வெயிலில் கம்பளியும் அதன்மேல் அந்த உடையுமாக மாமா நின்ற கோலத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "கழுத்த நெரிக்குது மாப்ள. கழட்டு, கழட்டு" என்றார். முகம் சிவந்துவிட்டது. போகப் போகப் பழகிவிடும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எனக்கு ஒரு யோசனை வந்தது.

கடைக்குப் பின்னால் மீன் வியாபாரம் செய்யும் சீனர் ஒருவர் இருந்தார்; தவ்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய ஐஸ் அறையில் மாமாவை அந்த ரப்பர் உடையோடு, தலைக்கும் உறை மாட்டி, ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார வைத்தேன். இருபது நிமிடம். மூன்றே நிமிடத்தில் எனக்குப் பல் தந்தியடிக்க, வெளியே வந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா உள்ளே உட்கார்ந்தபடியே கையை ஆட்டி டான்ஸ் ஆடினார். வெளியே வந்தபோது நெற்றியில் வேர்வை. தவ்கே "பாகுஸ், பாகுஸ்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவளும் நிம்மதியாகிவிட்டாள். ஐஸ் அறையில் இருந்தது குளிர்ந்த காற்று, தண்ணீர் இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த ரப்பர் உடையோடே வேலைக்குப் போன மாமா, மூன்றாவது வாரம் அங்கிருந்து கூப்பிட்டார். "கீழ போனா இந்தச் சட்ட மெலிஞ்சிருது மாப்ள, ரொட்டிய அமுக்குன மாதிரி. விரல் எங்க இருக்குன்னே தெரியல. அக்காகிட்ட சொல்லிடாத." ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் ரப்பரை நசுக்கிவிடும். உடம்பு குளிர்ந்தால் முதலில் ரத்த ஓட்டம் குறைவது விரல்களில்தான். இதையெல்லாம் அன்று இரவுதான் தேடிப் படித்தேன். எங்கள் கடல் வெதுவெதுப்பாக இருந்ததால் படிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. அங்கே இருந்த உலர் உடைகளெல்லாம் ஒல்லியான நெட்டை மனிதர்களுக்கானவை. மாமாவின் வயிற்றுக்கு எதுவும் ஏறவில்லை. அளவெடுத்து ஆர்டர் கொடுத்தார்கள், வர இரண்டு மாதமாகும் என்றார்கள். "திரும்பி வந்துருங்க மாமா" என்று கெஞ்சினேன். "வந்து என்னான்னு சொல்றது? ரெண்டு மாசம்தான, ஓடிரும் லா." நான் தடித்த கையுறைகளை வாங்கி அனுப்பினேன். அவை போய்ச் சேருவதற்குள் அவர் கூலாய்க்கே வந்துவிட்டார். விரல்கள் வெளிறி, இரண்டு கைகளிலும் உணர்வில்லாமல் வந்தார். டாக்டர்கள் சொன்ன ஒரே மருந்து, காத்திருப்பது. காத்திருந்தோம். வலி மட்டும் திரும்பி வந்தது.

அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்கா ஒரே ஒரு முறை கேட்டாள்: "நீ பாத்துதான எடுத்த?" பார்த்துத்தான் எடுத்தேன். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

போன மாதம் அவர்களுடைய மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். அக்கா சமையலறையில் இருந்தாள். புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு மாமா அறைக்குள் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். பொத்தானை விரல்கள் தேடுவதும் நழுவ விடுவதுமாக எவ்வளவு நேரம் நின்றாரோ. என்னைப் பார்த்ததும் கைகளைத் தொங்கவிட்டு, அதே பழைய குரலில், "மாப்ள, ஜிப்ப இழு" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் கழுத்துப் பொத்தானுக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது.

"கழுத்த இறுக்குதா மாமா?"

மோவாயைத் தூக்கிக் காட்டினார். "இறுக்கட்டும் லா. போடு."